அரங்கும் நிலமும்: ‘எ ஹேட் இன் டைம்’ விளையாட்டின் பலமும் பலவீனமும்

கேள்வி

2017ஆம் ஆண்டில், ஏழு மாதங்களுக்குள், மூன்று முப்பரிமாணத் தாவல் விளையாட்டுகள் வெளிவந்தன. ஏப்ரல் 11இல் ‘யூக்கா-லேலி’, அக்டோபர் 5இல் ‘எ ஹேட் இன் டைம்’, அதே அக்டோபர் 27இல் ‘சூப்பர் மாரியோ ஒடிசி’. கடைசியாக வந்தது நின்டெண்டோ என்னும் பெருநிறுவனத்தின் தயாரிப்பு. மற்ற இரண்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் ரசிகர்கள் முன்கூட்டிக் கொடுத்த பணத்தில் உருவான சுயாதீனப் படைப்புகள்.

அந்தப் பணத்தின் அளவைப் பார்த்தால் ஒரு புதிர் தெரியும். ‘யூக்கா-லேலி’யை உருவாக்கிய பிளேடானிக் குழுவினர், 1990களில் ரேர் நிறுவனத்தில் ‘பேஞ்ஜோ-கஸூயி’ போன்ற புகழ்பெற்ற விளையாட்டுகளைச் செய்தவர்கள். 2015இல் அவர்கள் 1,75,000 பவுண்டு கேட்டார்கள். 38 நிமிடத்தில் அது கிடைத்துவிட்டது. இறுதியில் சேர்ந்த தொகை 20 லட்சத்து 90 ஆயிரம் பவுண்டு. டென்மார்க்கைத் தளமாகக் கொண்ட கியர்ஸ் ஃபார் பிரேக்ஃபாஸ்ட் குழுவுக்கு அப்படி எந்தப் பூர்வீகமும் கிடையாது. யோனாஸ் கெர்லெவின் தலைமையில் 2013இல் 30,000 டாலர் கேட்டு, 2,96,360 டாலர் பெற்றார்கள். கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்குப் பணம். ஆனால் இன்று இவ்வகை விளையாட்டின் மறுபிறப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் எடுத்துக்காட்டுவது ‘எ ஹேட் இன் டைம்’ விளையாட்டைத்தான்.

ஏன் என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், ‘வசீகரம்’. கரடுமுரடானது, ஆனால் வசீகரமானது என்பார்கள். திரைப்பட விமர்சனத்தில் ‘யதார்த்தம்’ என்ற சொல் படும் பாடு இங்கே ‘வசீகர’த்துக்கு நேர்ந்திருக்கிறது, எதையும் விளக்காமல் எல்லாவற்றையும் முடித்துவைக்கிறது. இந்த வசீகரம் விளையாட்டின் எந்தப் பகுதியில் இருக்கிறது? கரடுமுரடை மட்டும் செதுக்கி எடுத்துவிட்டால் வசீகரம் அப்படியே மிஞ்சுமா, அல்லது இரண்டும் ஒரே வேரிலிருந்து வருகின்றனவா? இக்கட்டுரை ஆராயும் கேள்வி இதுதான்.

இரண்டு மரபுகள்

பிளாட்ஃபார்மர் எனப்படும் இவ்வகையைத் தாவல் விளையாட்டு என்று இக்கட்டுரையில் குறிக்கிறேன். ஓடுவது, தாவுவது, மேடையிலிருந்து மேடைக்குப் போவது, தவறி விழுவது, சாரம் அவ்வளவே. தட்டையான இருபரிமாணத் திரையில் தாவலைக் கணிப்பது எளிது. முப்பரிமாணத்தில் ஆழம் என்ற ஒன்று சேர்ந்துகொள்கிறது. திரையோ இன்னும் தட்டையாகவே இருக்கிறது. எங்கே விழப்போகிறோம் என்பதைக் காட்ட, பாத்திரத்துக்கு நேர் கீழே ஒரு நிழல் வட்டம் வரைவது, பார்வைக் கோணத்தை ஆடுபவரின் கையில் கொடுப்பது போன்ற உபாயங்கள் இந்தச் சிக்கலிலிருந்தே பிறந்தன. 1996இல் வந்த ‘சூப்பர் மாரியோ 64’ இவற்றுக்கு ஓர் இலக்கணம் வகுத்தது.

அந்த இலக்கணத்தில் ஒரு முக்கியமான விதி அதிகம் பேசப்படுவதில்லை. ‘மாரியோ 64’இல் ஓர் உலகத்துக்குள் போகும் முன் எந்த நட்சத்திரத்தைத் தேடுகிறோம் என்று தேர்ந்தெடுக்கிறோம். ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் ஒரு தலைப்பு உண்டு. எடுத்தவுடன் உலகத்தை விட்டு வெளியே வந்துவிடுவோம். மறுபடி போனால் அதே மலை, அதே குளம். ஆனால் ஏதோ ஒன்று மாறியிருக்கும். 15 உலகங்கள், மொத்தம் 120 நட்சத்திரங்கள். இரண்டு ஆண்டு கழித்து வந்த ‘பேஞ்ஜோ-கஸூயி’ இந்த விதியைக் கைவிட்டது. 9 உலகங்கள், ஒவ்வொன்றிலும் நுழைந்தால் விரும்பும்வரை உலவலாம், அங்கே இருப்பதையெல்லாம் ஒரே மூச்சில் பொறுக்கலாம். யாரும் வெளியே தள்ளமாட்டார்கள்.

முதலாவதை அரங்க மரபு என்றும் இரண்டாவதை நில மரபு என்றும் அழைக்கலாம். அரங்க மரபில் இடம் என்பது மேடை. திரை ஏறி இறங்கும்போது அங்கே வேறொரு காட்சி நடக்கும். நில மரபில் இடம்தான் எல்லாம். அதன் சந்துபொந்துகளை அறிவதே இன்பம். நில மரபுக்கு ஒரு நோயும் உண்டு. நிலம் பெரிதாகப் பெரிதாக, அதை நிரப்பப் பொருள்களைத் தூவ வேண்டிவரும். 1999இல் வந்த ‘டாங்கி காங் 64’ அந்த நோயின் முற்றிய நிலை: ஐந்து குரங்குகள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நிறத்தில் வாழைப்பழம், ஒன்றின் பழத்தை இன்னொன்று எடுக்க முடியாது. நூற்றாண்டு திரும்பியபின் இவ்வகை தேய்ந்ததற்குப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. பொறுக்கிப் பொறுக்கி ஆடுபவர்களின் கை சலித்ததும் அவற்றில் ஒன்று என்று நினைக்கிறேன்.

‘யூக்கா-லேலி’ நில மரபின் நேர் வாரிசு. அதை உருவாக்கியவர்களே அம்மரபை வளர்த்தவர்கள் என்பதால் அதில் வியப்பில்லை. ‘எ ஹேட் இன் டைம்’ அரங்க மரபைச் சேர்ந்தது. இதை நான் வலிந்து சொல்லவில்லை. தன் பணிகளை அந்த விளையாட்டே நாடகத்தைப் போல ‘அங்கம்’ என்று அழைக்கிறது. ஒவ்வோர் அங்கத்தின் தொடக்கத்திலும் திரைப்படச் சுவரொட்டி போல ஒரு தலைப்பு அட்டை வருகிறது.

உடலின் மொழி

கதை மிகச் சிறியது. விண்கலத்தில் தன் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருக்கும் ஒரு சிறுமி. அவளுக்கு நீண்ட தொப்பி உண்டு, பெயர் கிடையாது. கலத்துக்கு எரிபொருள் 40 ‘டைம் பீஸ்’கள். நம் வீடுகளில் டைம்பீஸ் என்றால் தலைமாட்டில் கத்தும் அலாரக் கடிகாரம். இங்கே அது காலத்தையே திருப்பக்கூடிய மணற்கடிகை. அவை கீழேயுள்ள கிரகத்தில் சிதறிவிடுகின்றன. திரும்பச் சேகரிக்க வேண்டும்.

சேகரிப்பதற்கு அவளிடம் இருக்கும் முதல் கருவி அவள் உடல். தாவுகிறாள், காற்றில் இன்னொரு முறை தாவுகிறாள், தலைகீழாக முன்னோக்கிப் பாய்கிறாள், அந்தப் பாய்ச்சலைப் பாதியில் முறித்து ஒரு குட்டிக்கரணம் அடிக்கிறாள். சுவரில் சில எட்டு ஓடி ஏறி அங்கிருந்து உந்துகிறாள். இவற்றை எந்த வரிசையில் கோத்தாலும் ஒன்றிலிருந்து இன்னொன்று தடையில்லாமல் பிறக்கிறது. எட்டாது என்று தெரிந்தும் ஒரு விளிம்பை நோக்கித் தாவிவிட்டு, காற்றிலேயே மனத்தை மாற்றி, கடைசிக் கணத்தில் கரணமடித்து விளிம்பைத் தொட்டுவிடலாம். தவறைத் திருத்திக்கொள்ள வானத்திலேயே இடம் இருக்கிறது. ஆடுபவர் தன்னைக் கெட்டிக்காரராக உணர்வது இந்த மன்னிப்பினால்தான்.

இதோடு ஒப்பிட ‘யூக்கா-லேலி’யின் உடலைப் பார்ப்போம். பச்சோந்தியும் வௌவாலும் இணைந்த அந்த இரட்டையர் தம் திறன்களை ஒவ்வொன்றாக ஒரு பாம்பிடம் வாங்கவேண்டும். வேகமாக உருண்டு ஓடினால் சக்திப் பட்டை கரையும். விளையாட்டின் பிற்பகுதியில் பறக்கும் திறன் கிடைக்கும். அதற்குப் பிறகு தாவவேண்டிய அவசியமே பெரும்பாலும் போய்விடும். முதலில் கையைக் கட்டிவைத்து, பிறகு கட்டை அவிழ்த்து, கடைசியில் ஆட்டத்தையே தேவையற்றதாக்கிவிடும் விநோத வரிசை இது. தொப்பிக்காரச் சிறுமியிடமோ முதல் ஐந்து நிமிடத்தில் இருக்கும் உடலே இறுதிச் சண்டையிலும் இருக்கிறது. வளர்வது ஆடுபவரின் கை.

ஆனால் தொப்பிகளைப் பற்றி இப்படிச் சொல்ல முடியாது. தலைப்பில் இருக்கும் தொப்பியே விளையாட்டின் பலவீனமான கருவி என்பது சற்று வேடிக்கை. நூற்கண்டுகளைச் சேகரித்துத் தைக்கும் தொப்பிகளில் ஓடுவதற்கான தொப்பி மட்டுமே எப்போதும் பயன்படுகிறது. வெடிக்கும் மருந்துக் குப்பி எறிவதற்கு ஒன்று, பனிச்சிலையாகிக் கீழே விழுவதற்கு ஒன்று, மறைந்திருக்கும் மேடைகளைத் திடப்படுத்த ஒரு முகமூடி, காலத்தை மெதுவாக்க ஒன்று. இவை பெரும்பாலும் குறிப்பிட்ட பூட்டுக்கான சாவிகள். பனிச்சின்னம் பொறித்த மேடை தெரிந்தால் பனித்தொப்பி, பச்சை மங்கலாகப் பொருள்கள் தெரிந்தால் முகமூடி. யோசிக்க ஒன்றும் இல்லை. தொப்பியில் குத்திக்கொள்ளும் பேட்ஜுகளிலும் இதே சிக்கல். கொக்கி எறிந்து ஊஞ்சலாடும் பேட்ஜ் இல்லாமல் பல இடங்களுக்குப் போக முடியாது. அதற்கு ஓர் இடம் ஒதுக்கியே ஆகவேண்டும். அதிகபட்சம் மூன்று இடங்கள்தான் உண்டு என்னும்போது, விருப்பத் தேர்வு போலத் தோன்றுவதில் ஒரு பங்கு கட்டாயச் செலவாகிவிடுகிறது.

அரங்கு

விளையாட்டின் இதயம் முதல் மூன்று அத்தியாயங்களில் இருக்கிறது. அவற்றில் நடப்பதை வரிசையாகச் சொன்னாலே என் வாதம் பாதி விளங்கிவிடும்.

மாஃபியா டவுன் ஒரு தீவு நகரம். சமையற்காரத் தொப்பி அணிந்த தடியர்கள் ஊரைப் பிடித்துவைத்திருக்கிறார்கள். ஏழு அங்கங்களுக்காக ஏழு முறை இங்கே வருகிறோம். முதலில் ஊரைச் சுற்றிப் பார்க்கிறோம்; இன்னொரு முறை பீப்பாய்கள் பறக்கின்றன; வேறொரு முறை ஊர் முழுவதும் எரிகுழம்பு பரவி, நடந்துபோன தெருவே தொடக்கூடாத தரையாகிவிடுகிறது. குழந்தைகள் வீட்டுச் சோபாவிலிருந்து நாற்காலிக்குத் தாவி, தரையை நெருப்பு என்று பாவிக்கும் அதே ஆட்டம். நான்காவது ஐந்தாவது முறை வரும்போது ஊரின் கூரைகள் நமக்கு மனப்பாடம். அதனால்தான் எரிகுழம்பு அங்கம் இயங்குகிறது. புதிய இடத்தில் வைத்திருந்தால் அது வெறும் தடையோட்டம்.

இரண்டாம் அத்தியாயம் இன்னும் துணிச்சலானது. பறவைகளின் திரைப்பட நகரம். கண்டக்டர் என்றும் டிஜே குரூவ்ஸ் என்றும் இரண்டு இயக்குநர்கள் ஆண்டு விருதுக்காக மோதுகிறார்கள். இருவர் படத்திலும் நாயகி நம் சிறுமி. கண்டக்டரின் முதல் படம் ரயிலில் நடக்கும் கொலை மர்மம். பயணிகள் எல்லாம் ஆந்தைகள். துப்புகளைத் திரட்டிக் குற்றவாளியைச் சுட்டவேண்டும். இன்னொரு படத்தில் அதே இயக்குநரின் ரயில் வெடிக்கப்போகிறது. கடிகாரம் குறைந்துகொண்டே வர, பெட்டி பெட்டியாகப் பாய்ந்து ஓடவேண்டும். மறுபக்க இயக்குநரின் படமொன்றில் வாத்தியக் குழுவுக்குத் தலைமை தாங்கி ஊர்வலம் போகிறாள். குழு அவள் காலடியை அப்படியே பின்பற்றி வரும். எனவே வந்த வழியே திரும்ப முடியாது, நிற்கவும் முடியாது. ஒரு தாவல் விளையாட்டு சத்தமில்லாமல் பழைய கைபேசிகளில் இருந்த பாம்பு விளையாட்டாக மாறிவிடுகிறது. யாருடைய படத்தில் அதிகம் புள்ளி எடுத்தோம் என்பதைப் பொறுத்து அத்தியாய முடிவில் நம்மை எதிர்க்கும் ஆள் மாறுவார்.

இங்கே கவனிக்கவேண்டிய சிக்கனம் ஒன்று உண்டு. கொலை மர்மமும் வெடிக்கும் ரயிலும் ஒரே வகை ரயிலில் நடக்கின்றன. பறவைகளைப் படமெடுக்கவிட்டுப் புகழ் சேர்க்கும் அங்கமும் ஊர்வலமும் ஒரே தெரு அமைப்பில் நடக்கின்றன. பணம் குறைந்த நாடகக் குழு ஒரே படுதாவை அரண்மனையாகவும் காடாகவும் காட்டுவதைப் போல, இக்குழு ஒரே இடத்தில் விதிகளை மட்டும் மாற்றிப் புதிய அங்கம் செய்கிறது. பெரிய நிலம் கட்டப் பணமில்லை. எனவே இருக்கும் மேடையில் வேறு நாடகம். வறுமை வடிவமாகிவிட்ட தருணம் இது.

மூன்றாவது, சப்கான் வனம். ஸ்னாச்சர் என்னும் நிழல் சிறுமியின் உயிரைப் பறித்து வைத்துக்கொண்டு ஒப்பந்தங்களில் கையெழுத்து வாங்குகிறது. அந்த ஒப்பந்த வேலைகளில் ஒன்று ராணி வனெஸ்ஸாவின் மாளிகை. அதுவரை குதித்துக் கும்மாளமிட்ட விளையாட்டு சட்டென்று மூச்சடக்கிக்கொள்கிறது. சண்டை கிடையாது. கட்டிலுக்கும் மேசைக்கும் அடியில் ஒளிந்து, சாவி தேடி, இருட்டில் நடமாடும் ராணியின் காலடியைக் கேட்டு நகரவேண்டும். பிடிபட்டால் உறைந்துபோவோம். சின்னப் பிள்ளைகளுக்கான விளையாட்டு என்று நினைத்து எட்டு வயது உறவுக்காரச் சிறுவனிடம் இதைக் கொடுத்தேன். மாளிகை அங்கத்தில் கருவியை என் மடியில் போட்டுவிட்டு அறையை விட்டே போய்விட்டான். அவனைக் குறைசொல்ல முடியாது.

இந்த ராணி ஏன் இப்படி ஆனாள் என்பதை வசனமாக யாரும் சொல்வதில்லை. வனத்தின் ஊதாநிறக் காலப்பிளவு ஒன்றுக்குள் சிதறிக் கிடக்கும் படக்கதைப் பக்கங்களைப் பொறுக்கிச் சேர்த்தால், ஓர் இளவரசனும் இளவரசியும் சந்தேகமும் பொறாமையுமாய்ச் சீரழிந்த கதை, சொற்களே இல்லாமல், படங்களாகக் கிடைக்கிறது. ஸ்னாச்சர் யார் என்பதும் அப்போதுதான் புலப்படும். கண்டிப்பாகத் தேடவேண்டியதில்லை, தேடாதவர்களுக்கு ஸ்னாச்சர் வெறும் கோமாளி வில்லன். விளையாட்டுகளில் கதைசொல்வது பற்றி விவாதிப்பவர்கள் இந்தச் சில பக்கங்களை இன்னும் கொஞ்சம் பொருட்படுத்தலாம்.

ஆக, ஒவ்வோர் அங்கமும் ஒரு புதிய வகைமையின் விதியை எடுத்துக்கொள்கிறது: துப்பறிதல், திகில், காலப் பந்தயம், ஊர்வலம். எதையும் ஆழமாக வளர்ப்பதில்லை. கொலை மர்மத்தில் தர்க்கம் மெலிந்தது. துப்பறியும் விளையாட்டாக மட்டும் அதை எடைபோட்டால் தேறாது. இதைச் சிலர் மேம்போக்கு என்பார்கள். நியாயமான விமர்சனமே. ஆனால் அந்த அங்கம் அரைமணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. ஒரு நல்ல ஓரங்க நாடகத்திடம் நாவலின் ஆழத்தை எதிர்பார்ப்பதில்லை. எல்லா அங்கங்களுக்கும் பொதுவாக இருப்பது அந்தச் சிறுமியின் உடல். விதி மாறினாலும் தாவல் மாறுவதில்லை என்பதால், கதம்பமாகச் சிதறியிருக்கவேண்டியது ஒன்றாக நிற்கிறது.

நிலம்

நான்காம் அத்தியாயம் ஆல்பைன் ஸ்கைலைன். இங்கே விளையாட்டு தன் மரபை மாற்றிக்கொள்கிறது. அங்கத் தேர்வு இல்லை. மேகங்களுக்கு மேல் மலைமுகடுகள். அவற்றை இணைக்கும் கம்பிகள். பறவைக்கூடு, எரிகுழம்பு, காற்றாலை, அந்தி மணி என நான்கு உச்சிகள். எதற்கு முதலில் போவது என்பது நம் விருப்பம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. முதல் பார்வையில் கண்ணுக்கும் குளிர்ச்சி. பாஸ்கல் மைக்கேல் ஸ்டீஃபெலின் இசை இங்கே உண்மையிலேயே மலைக்காற்றைப் போல விரிகிறது.

சிக்கல் உச்சிகளுக்கு நடுவில். ஒரு முகட்டிலிருந்து இன்னொன்றுக்குக் கம்பியில் தொங்கிப் போகும்போது செய்வதற்கு ஒன்றுமில்லை. வழிதவறினால் மறுபடி கம்பி. இங்கே பேசுவதற்கு ஒரு கண்டக்டரோ ஸ்னாச்சரோ கிடையாது. ஆடுகளைப் போன்ற மலைவாசிகள் இருக்கிறார்கள், நினைவில் நிற்பதில்லை. அத்தியாயத்துக்கு உரிய எதிராளியும் இல்லை. நான்கு உச்சிகளைத் தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் செம்மையான தாவல் பாதை. காற்றாலையின் உள்ளே சுழலும் பொறிகளும், முகமூடி அணிந்து கடக்கும் அந்தி உலகமும் முழு விளையாட்டிலும் சிறந்த தாவல் பகுதிகளில் சேரும். அதாவது உச்சிகள் நல்ல அங்கங்கள். அவற்றைக் கோத்திருக்கும் நிலம்தான் வெறிச்சோடிக் கிடக்கிறது.

இந்த அத்தியாயத்தை விரும்புகிறவர்களும் உண்டு. மூன்று அத்தியாயங்களின் இரைச்சலுக்குப் பிறகு தேவைப்பட்ட அமைதி என்பது அவர்கள் வாதம். தனிமையே அதன் பொருள் என்றும் சொல்கிறார்கள். தனிமை என்பது ஒரு விளையாட்டு திட்டமிட்டு உருவாக்கக்கூடிய உணர்வுதான், மறுக்கவில்லை. ஆனால் மாளிகையில் வந்த பயத்துக்கு மேசையும் கட்டிலும் காலடி ஓசையும் சேர்ந்து வேலை செய்தன. இங்கே தனிமைக்காக எதுவும் வேலை செய்யவில்லை. இல்லாமையையே உள்ளடக்கமாக வாசிப்பது ரசிகரின் பெருந்தன்மை.

நில மரபே பழுதானது என்று இதிலிருந்து முடிவுகட்டக் கூடாது. மூன்று வாரம் கழித்து வந்த ‘சூப்பர் மாரியோ ஒடிசி’ முழுக்க நில மரபில் நின்று, 800க்கும் மேற்பட்ட நிலவுகளை ராஜ்யங்களில் புதைத்து, சலிக்காமல் வெற்றிபெற்றது. அங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் சில எட்டுகளுக்குள் ஏதோ ஒன்று கண்ணைச் சிமிட்டும். அந்த அடர்த்திக்கு ஆள்பலம் வேண்டும், ஆண்டுகள் வேண்டும், பிழைதிருத்திச் சோதிக்கப் படை வேண்டும். சிறு குழு நிலத்தை விரிக்கலாம், நிரப்புவது கடினம். பத்து மடங்கு பணம் இருந்தும் ‘யூக்கா-லேலி’ அதே பள்ளத்தில் விழுந்தது என்பது இதற்கு இன்னொரு சான்று. ஐந்து உலகங்கள், ஒவ்வொன்றிலும் 25 ‘பேஜி’ என்னும் காகிதங்கள், 200 இறகுகள். சேர்த்த காகிதங்களைக் கொடுத்து உலகத்தை இன்னும் பெரிதாக்கவும் முடியும். ஏற்கெனவே வழிதெரியாமல் அலைகிறவரிடம் காசு வாங்கிக்கொண்டு ஊரை அகலப்படுத்துவதைப் போன்றது அது. முதலில் வந்த பதிப்பில் வரைபடமும் கிடையாது.

கரடுமுரடு

சில குறைகளைப் பெரிய கோட்பாட்டில் அடக்க வேண்டியதில்லை. அவை வெறும் குறைகள். பார்வைக் கோணம் மூலைகளில் திணறுகிறது. சுவருக்கும் சிறுமிக்கும் இடையில் மாட்டிக்கொண்டு தொப்பியின் உட்புறத்தைக் காட்டிய தருணங்கள் எனக்கு உண்டு. குடையால் அடிக்கும் சண்டை சாதாரண எதிரிகளிடம் சப்பென்று இருக்கிறது. பெரிய எதிராளிகளுடனான மோதல்கள் அதற்கு நேர்மாறாக, தாளகதியோடு நன்கு அமைந்தவை. காசாகச் சேரும் ‘பான்’களுக்குப் பாதி ஆட்டத்துக்குப் பிறகு மதிப்பில்லை. 2017இல் வந்தாலும் விளையாட்டு ஓடுவது அன்ரியல் என்ஜினின் மூன்றாம் தலைமுறையில். அது அப்போதே பழையது. 2019 அக்டோபரில் வந்த ஸ்விட்ச் பதிப்பில் காட்சித் தெளிவும் ஓட்டமும் கணிசமாகக் குறைந்தன. இதை முதல்முறை ஆட நினைப்பவர் அந்தப் பதிப்பில் தொடங்காமலிருப்பது நல்லது.

குழந்தையின் நியாயம்

கதையின் ஒழுக்கநோக்கு பற்றித் தனியே சொல்லவேண்டும். முதல் அத்தியாயத்திலேயே மீசைக்காரச் சிறுமி ஒருத்தி வருகிறாள். மணற்கடிகையின் சக்தி தெரிந்ததும் அவள் ஒரு யோசனை சொல்கிறாள்: இதை வைத்து உலகத்தின் கெட்டவர்களையெல்லாம் ஒழிக்கலாம். நம் சிறுமி மறுத்துவிடுகிறாள். அவளுக்கு வீட்டுக்குப் போகவேண்டும், அவ்வளவுதான். இருவரும் பகைவராகிறார்கள். இறுதியில் மீசைக்காரச் சிறுமி கடிகைகளைக் கைப்பற்றித் தன் நீதிமன்றத்தை நிறுவும்போது, அதுவரை நாம் சண்டையிட்ட மாஃபியாவும் இயக்குநர்களும் ஸ்னாச்சரும் நம் பக்கம் நிற்கிறார்கள்.

வழக்கமான குழந்தைக் கதையில் நீதி கேட்பவள் நாயகி, வீட்டுக்குப் போகவேண்டும் என்று அடம்பிடிப்பவள் பக்கப்பாத்திரம். இங்கே தலைகீழ். கெட்டவர், நல்லவர் என்று உலகைப் பிரிக்கும் குழந்தை சர்வாதிகாரியாகிறாள். எவருக்கும் தீர்ப்புச் சொல்லாமல் எல்லோருடனும் சண்டையும் விளையாட்டுமாய் இருந்தவளுக்கு எல்லோரும் சொந்தமாகிறார்கள். அரங்க வடிவம் இதற்குத் துணைசெய்கிறது. வில்லன்கள் ஒவ்வோர் அங்கத்திலும் வேறு வேடத்தில் வருவதால் நாம் அவர்களை வெறுக்கும் அளவுக்கு எவரும் ஒரே வேடத்தில் நிலைப்பதில்லை. ஆல்பைன் அத்தியாயத்துக்கு இந்த இறுதிக் காட்சியில் அனுப்பிவைக்க எடைமிக்க பாத்திரம் இல்லாமற்போனதை அப்போது உணர்கிறோம். நிலத்தின் வெறுமை கதையிலும் ஓர் ஓட்டையாக விழுந்திருக்கிறது.

ஏக்கம் பற்றி ஒரு குறிப்பு

இவ்விரு விளையாட்டுகளையும் பழைய நாள்களுக்கான ஏக்கத்தின் விளைவு என்று ஒரே கட்டாகக் கட்டுவது பொதுவழக்கம். பணம் திரட்டிய கட்டத்தில் அது உண்மை. ரேர் நாள்களின் இசையமைப்பாளர் கிராண்ட் கர்கோப் ‘யூக்கா-லேலி’க்கு இசையமைத்ததோடு, ‘எ ஹேட் இன் டைம்’ விளையாட்டுக்கும் சில மெட்டுகள் தந்தார். இரண்டு குழுவும் ஒரே நினைவைத்தான் விற்றன. ஆனால் நினைவை என்ன செய்தார்கள் என்பதில் வேறுபடுகிறார்கள். பிளேடானிக் குழு தாம் செய்ததை மறுபடி செய்தது. பாத்திரங்கள் முணுமுணுக்கும் அர்த்தமற்ற குரல், எழுத்து எழுத்தாக ஊர்ந்துவரும் வசனம், ஒவ்வோர் உலகத்திலும் ஒரு சுரங்க வண்டி ஓட்டம் எல்லாம் அப்படியே. மூத்த கலைஞர்களுக்குத் தங்கள் இளமையில் எது தற்செயலான தொழில்நுட்பக் கட்டுப்பாடு, எது கலை என்று பிரித்தறிவது கடினமாயிருந்திருக்கலாம். டென்மார்க் குழுவினர் அந்த விளையாட்டுகளைச் செய்தவர்கள் அல்லர், ஆடி வளர்ந்தவர்கள். ஆடியவருக்கு நினைவில் நிற்பது உணர்வு. அதை எந்த வழியில் மீட்டாலும் சரி. எனவே குரல் நடிப்பைப் பயன்படுத்தினார்கள், பொறுக்கும் பொருள்களைக் குறைத்தார்கள், தேவைப்பட்ட இடத்தில் திகிலையும் துப்பறிதலையும் கடன் வாங்கினார்கள்.

இது பிளேடானிக் குழுவின் திறமையின்மை அல்ல என்பதையும் பதிவுசெய்ய வேண்டும். 2019இல் அவர்கள் வெளியிட்ட ‘யூக்கா-லேலி அண்ட் தி இம்பாசிபிள் லேர்’ பக்கவாட்டில் ஓடும் விளையாட்டு. கட்டுக்கோப்பானது, பெரிதும் பாராட்டப்பட்டது. எல்லையுள்ள மேடை கிடைத்ததும் அவர்கள் கை திரும்பிவிட்டது.

பின்னிணைந்த அத்தியாயங்கள்

2018 செப்டம்பரில் வந்த ‘சீல் தி டீல்’ இணைப்பு, கப்பல் பயணம் ஒன்றையும், தேர்ந்த கைகளுக்காக ‘டெத் விஷ்’ என்னும் கடினச் சவால்களின் தொகுப்பையும் சேர்த்தது. முதல் 24 மணி நேரம் அதை இலவசமாகவே கொடுத்தார்கள். கப்பல் அத்தியாயம் மூன்று அங்கங்கள்தான். ஆனால் ஒரே கப்பலில் முதலில் சுற்றிப் பார்க்கவும், பிறகு வேலை செய்யவும், கடைசியில் அது மூழ்கும்போது காப்பாற்றவும் வைக்கிறது. மாஃபியா டவுனின் பாடத்தை அவர்கள் மறக்கவில்லை. ‘டெத் விஷ்’ வேறு விஷயம். நான் முன்பு புகழ்ந்த அந்த மன்னிக்கும் உடலை எடுத்து, மன்னிப்பை மட்டும் நீக்கிவிடுகிறது. முப்பரிமாணத் தாவலில் தேர்ச்சி என்றால் என்ன என்று அறிய விரும்புபவருக்கு அது புதையல். பார்வைக் கோணத்தின் குறைகளும் அங்கேதான் வலிக்கின்றன; நிதானமாக ஆடும்போது பொறுத்துக்கொண்டது உயிர்போகும் நொடியில் பொறுக்கமுடியாததாகிறது.

2019 மே மாதம் வந்த ‘நியாகுஸா மெட்ரோ’ மறுபடியும் நில மரபுக்குப் போனது: பூனைகள் நிறைந்த நிலத்தடி ரயில் நகரம், அங்கத் தேர்வின்றி உலவும் அமைப்பு. ஆல்பைனைவிட அது பல படி மேல். கடைகள், கூட்டம், விளக்குகள், அதிகாரம் செலுத்தும் ஒரு பேரரசிப் பூனை என நிலம் நிரம்பியிருக்கிறது, நெரிசலே அடர்த்தியாகிவிட்டது. குழு தன் பலவீனத்தை அறிந்திருந்தது என்பதற்கு அதுவே ஆதாரம்.

ஆனால் மூல விளையாட்டின் மலைகளை அவர்கள் திரும்பத் தொடவில்லை. பிளேடானிக் 2025இல் தன் விளையாட்டை ‘யூக்கா-ரீப்ளேலி’ என்று மறுபடி உருவாக்கி, வரைபடமும் சேர்த்து வெளியிட்டது. கியர்ஸ் ஃபார் பிரேக்ஃபாஸ்ட், தன் கருவிகளை ஆடுபவர்களிடம் கொடுத்து, அவர்களே புதிய அங்கங்கள் கட்டிக்கொள்ள விட்டுவிட்டது. அவர்கள் கட்டிக்கொண்டும் இருக்கிறார்கள். ஆல்பைனில் இன்றும் ஒரு முகட்டிலிருந்து இன்னொன்றுக்குக் கம்பியில் தொங்கியபடி, கைக்கு வேலையில்லாமல், மேகங்களைப் பார்த்துக்கொண்டே போகவேண்டியிருக்கிறது.